கொடியில் திராட்சை இல்லை, தட்டில் விலை இல்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நண்பர்கள் ஆறு பேர் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து, கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் ஒயின் தோட்டச் சுற்றுலா போனோம். தலைக்கு 2,800 ரூபாய், எல்லாம் அடக்கம், இரண்டு தோட்டம் என்றார்கள். போனது ஒரே தோட்டம். ருசி பார்க்கத் தனிக் கட்டணம், மதியச் சாப்பாடும் தனி. ஆகஸ்ட் மாதம் என்பதால் கொடியில் ஒரு திராட்சைகூட இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? - தண்டையார்பேட்டை வாசகர்

திராட்சை இல்லாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரிக்கு மேல் தொடங்கி ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். ஆகஸ்டில் இலையைத்தான் பார்க்க முடியும். மற்றதெல்லாம் ஏமாற்றுதான், உங்கள் மேல் தப்பே இல்லை. விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், தோட்டத்தில் கட்டிய கட்டணச் சீட்டு, சாப்பாட்டு பில், மூன்றும் முக்கியம். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்ததற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. 15 நாள் கெடு வைத்து அமைப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அப்புறமும் அசையவில்லையா, சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அமைப்பாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

திரும்பி வரும்போது தோட்டத்திலேயே வாங்கிய நாலு பாட்டிலை ரயிலில் கொண்டுவர நினைக்கிறோம். பில் இருக்கிறது. பிரச்சினை வருமா? - ராயபுரம் வாசகர்

வரும். அனுமதியில்லாமல் மாநில எல்லை தாண்டி மது கொண்டுவந்தால் பில் உங்களைக் காப்பாற்றாது.

கார்க் திறக்க பேட்டரி கருவி 1,499 ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா? - கொளத்தூர் வாசகர்

என்னிடம் ஒன்று இருக்கிறது. பாதி கார்க்கை இழுத்ததும் முனகிக்கொண்டு நின்றுவிடும், மீதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கையால்தான் இழுக்க வேண்டும். சாதாரண திருகு ஆணி போதும். இந்திய ஒயின்களில் பல இப்போது திருகு மூடியோடே வருகின்றன, அதற்கு அதுவும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு, தெரிந்தவர் மூலமாக, வீட்டில் செய்த திராட்சை ஒயின் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று சமையல் மேடையிலேயே வெடித்துவிட்டது. நஷ்டஈடு கேட்கலாமா? - பெரம்பூர் வாசகி

யாருக்கும் காயம் இல்லையே அம்மா, அதுவரைக்கும் நல்லது. நொதிப்பு முடிவதற்குள் மூடியை இறுக்கியிருக்கிறார்கள். சர்க்கரை மிச்சம் இருக்கும்வரை ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும், வாயு சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடி தாங்காது. இரண்டாவது பாட்டில் இன்னும் இருந்தால் கையில் எடுக்காதீர்கள், மேலே கனமான சாக்கைப் போட்டு, யாரும் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நஷ்டஈடு சிரமம். உரிமம் இல்லாமல் மது விற்பதே குற்றம், பில்லும் இல்லை. எந்த முகத்தோடு புகார் எழுதுவீர்கள்?

காசிமேடு பக்கம் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் சாப்பிட்டோம். வஞ்சிரம் தவா வறுவலுக்கு மெனுவில் விலை இல்லை, 'அளவுக்கேற்ப' என்றுதான் இருந்தது. பில்லில் துண்டுக்கு 650 ரூபாய் போட்டுவிட்டார்கள். இது சரியா? - வண்ணாரப்பேட்டை வாசகர்

இது என் நெடுநாள் வயிற்றெரிச்சல், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தத் தட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவக்க மசாலா பூசிய துண்டுகளை வாழையிலை மேல் அடுக்கி மேசைக்கே கொண்டுவருவார்கள். சிறியதெல்லாம் அடியில், உள்ளங்கை அகலத் துண்டு மேலே. நம் விரல் அதன் பக்கம் போனதும் 'சூப்பர் சார்' என்று பரிமாறுபவர் இடுக்கியால் தூக்கிவிடுவார். விலையை அவரும் சொல்ல மாட்டார், கூட இருப்பவர்கள் கஞ்சன் என்று நினைப்பார்களோ என்று நாமும் கேட்க மாட்டோம். முழு வியாபாரமும் அந்தக் கூச்சத்தின் மேல்தான் நடக்கிறது. நானே இப்படி நண்டுக்கு அழுதிருக்கிறேன். ஓட்டை உடைத்தால் உள்ளே தண்ணீர். தூக்கிப் பார்த்துக் கனமாக இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்று சந்தையில் எல்லாருக்கும் தெரியும், ஹோட்டலில் யார் தூக்கிப் பார்க்க விடுகிறார்கள்?

மீன் விலை தினம் மாறும், அச்சடிக்க முடியாது என்பார்கள். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதலாமே! வாங்குவதன் விலையை அறிவது நுகர்வோர் உரிமை என்று சட்டமே சொல்கிறது. சரி, நாம் என்ன கேட்க வேண்டும்? துண்டுக்கா, எடைக்கா? எடை என்றால் கழுவும் முன்னா, பின்னா? தலையும் குடலும் செதிலும் போனால் நல்ல பங்கு குறையும். வறுக்கக் கூலி தனியா? தராசில் தொழிலாளர் துறை முத்திரை இருக்கிறதா?

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். மே மாதத்தில் 'இன்று காலை படகில் வந்த வஞ்சிரம்' என்று யாராவது சொன்னால் எந்தப் படகு என்று கேளுங்கள். நாட்டுப் படகு, ஃபைபர் படகில் கொஞ்சம் வரும். மற்றது பெரும்பாலும் கேரளத்துப் பக்கம் ஐஸில் வந்ததாக இருக்கும், அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். கெட்ட மீன் என்று சொல்லவில்லை, அதைக் காசிமேட்டு மீன் என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது.

உங்கள் 650-க்கு வருகிறேன். கேட்காமல் சாப்பிட்டுவிட்டீர்கள், வழக்கு நிற்பது கஷ்டம். மெனுவைப் படம் எடுத்து 1915-இல் புகார் கொடுங்கள், அடுத்தவருக்காவது பலகை வரும்.

அதே கடையில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜும் போட்டார்கள். - அதே வாசகர்

அதைக் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லுங்கள். இது ஜிஎஸ்டி இல்லை.

பாரிமுனையில் அத்தோ கடைக்காரர் பில் தர மறுக்கிறார். ஒயின் டூருக்கு முன்பணமாக 8,000 ரூபாய் ஒரு தனிநபர் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன், அவரும் ரசீது தரவில்லை. இருவர் மீதும் புகார் கொடுக்கலாமா? - வியாசர்பாடி வாசகர்

தம்பி, வரி பில் கொடுக்கும் கடமை ஜிஎஸ்டி பதிவு இருப்பவருக்குத்தான், 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனை என்றால் வாங்குபவர் கேட்டால்தான் அவரும் தர வேண்டும். பர்மாவிலிருந்து 1960-களில் உடுத்த துணியோடு திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் என்று உங்கள் கண்ணெதிரே பிசைந்து தருகிறார். வாழைத்தண்டு சூப்பும் ஊற்றியிருப்பார். அவரை விடுங்கள்.

8,000 ரூபாயை யாருக்கு அனுப்பினீர்கள்? பெயர் தெரியுமா, முகவரி தெரியுமா? கடிதத்தில் இரண்டும் இல்லை. இன்றைக்கே ரசீது கேளுங்கள், என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். போனை எடுக்காவிட்டால் உடனே 1930, அது சைபர் மோசடிக்கான எண். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' கேட்கிறார்கள். - திருவொற்றியூர் வாசகி

அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2017-இல் விலக்குக் கொடுத்தது. பெட்டிக்கடையில் ஏது நாற்காலி?