வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் கடைப் பலகை அச்சிடலாமா?

கேள்வி: வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறேன். பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய எப்சன் எல்3250 பிரிண்டர் இருக்கிறது. வாசலில் தொங்கவிடும் அறிவிப்பையும் 4க்கு 3 அடி பேனரையும் அதிலேயே அச்சிட்டுக்கொள்ள முடியுமா?

பதில்: அறிவிப்பை அச்சிடலாம், பேனர் வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் பிரிண்டரில் ஊற்றும் 003 மையின் நான்கு நிறங்களுமே நீரில் கரையும் சாயங்கள். சாதாரணத் தாளில் அச்சிட்டால் மழைத்துளி பட்ட இடத்தில் அவை மீண்டும் கரைந்து ஓடும். நேரடி வெயிலில் விரைவில் வெளிறும். பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும் முதலில் மங்குவதால்தான் வெயிலில் கிடந்த பழைய சுவரொட்டிகள் நீலம் பாரித்து நிற்கின்றன. ஃப்ளெக்ஸ் கடைகளில் பயன்படுத்தும் சால்வென்ட் (கரைப்பான்) மை, ஃப்ளெக்ஸின் பிவிசி பிளாஸ்டிக் பரப்பைச் சற்றே இளக்கி அதில் பற்றிக்கொள்கிறது. உங்கள் மையோ மேற்பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கில் உலராமல் விரல் பட்டதும் வழிந்துவிடும். நீரில் கரையாத நுண்துகள்களால் நிறம் தரும் நிறமி மை தண்ணீரையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை இந்தப் பிரிண்டரில் ஊற்றினால் மை தெளிக்கும் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளக்கூடும். தயவுசெய்து அந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

அறிவிப்பை அச்சிட்டதும் ஒரு நாள் உலரவிடுங்கள். பிறகு ஏ4 தாளின் நான்கு பக்கங்களிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்து, ஏ4 அளவு லேமினேஷன் பிளாஸ்டிக் உறையில் நடுவாக வைத்து லேமினேஷன் செய்யுங்கள். உறையின் ஓரத்தை வெட்டக் கூடாது. தொங்கவிடும் துளையையும் அந்த வெற்று ஓரத்திலேயே போட வேண்டும். துளை தாளில் விழுந்தால் அதன் வழியே தண்ணீரைத் தாள் உறிஞ்சி, ஒரே மழையில் உள்ளே மை பரவிவிடும். லேமினேஷன் ஈரத்தைத் தடுக்குமே தவிர வெயிலை அவ்வளவாகத் தடுக்காது என்பதால், சன்ஷேடுக்குக் கீழே மாட்டுங்கள்.

பேனருக்கு வருவோம். 4க்கு 3 அடிக்கு ஏறத்தாழ 25 ஏ4 தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஒட்டும் தண்ணீர் புகும் வழி. சில நாள் விளம்பரம் என்றால் ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். நிரந்தரப் பெயர்ப்பலகை என்றால், என் மனத்துக்கு உகந்த வழி வேறு: பிரிண்டரை அச்சு வரைய மட்டும் பயன்படுத்துங்கள். எழுத்துகளின் வெளிக்கோட்டை மட்டும் பெரிதாக அச்சிட்டு, தாளின் பின்புறம் சாக்குக்கட்டியை அழுத்தித் தேய்த்து, பிரைமரும் அடர்நிற எனாமலும் அடித்து உலர்ந்த தகரப் பலகையில் ஒட்டி, கோட்டின் மீது பென்சிலால் வரைந்தால் பலகையில் வெண்கோடு விழும். அதற்குள் வெள்ளை எனாமலை நிரப்பினால் பல ஆண்டு நிற்கும்.

9 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க எழுத்து 7.5 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். மிகத் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தால் ண, ஞ ஆகியவற்றின் சுழிகளை பெயின்ட் அடைத்துவிடும்; நடுத்தரத் தடிப்பே போதும்.