மணலியில் இன்டர்ன்ஷிப்: வார நாளில் வந்து பாருங்கள்

கேள்வி: வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி நான். சொந்த ஊர் சங்கரன்கோவில். ஜூன், ஜூலை மாதங்களில் மணலி தொழிற்சாலை ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சென்னைக்கு வந்ததே இல்லை. மே மாதம் அப்பாவுடன் இரண்டு நாள் வந்து பார்க்க நினைக்கிறேன். எங்கே தங்கலாம், எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வட சென்னை என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: அவசியம் வாருங்கள். ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம். துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே ஓடும் கண்டெய்னர் லாரிகளை வார நாளில் பார்த்தால்தான், நீங்கள் தினமும் போய்வர வேண்டிய சாலை எப்படிப்பட்டது என்று புரியும்.

ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குவது நல்லது. பஸ் உங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும்; அது நகரின் தென்கோடி. எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறினால், 2021 பிப்ரவரியில் திறந்த நீட்டிப்பு வழியாகத் திருவொற்றியூர், விம்கோ நகர் வரை நேராகப் போகலாம். மணலிக்குப் பயணிகள் ரயில் கிடையாது. கடைசிச் சில கிலோமீட்டர் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோதான்.

தொழிற்சாலை கேட்டுக்குப் பக்கத்திலேயே அறை பார்க்கலாம் என்று பலரும் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, இந்த இரண்டு மெட்ரோ நிலையங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தேடுங்கள். தியாகராஜர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கடைகளும் குடும்பங்களும் நிறைந்திருக்கும். வேலை முடிந்து இருட்டிய பிறகு வந்தாலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். சாதாரணக் கட்டண மாநகர பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் குறையும்.

அறையைப் பிடிப்பதற்கு முன் அங்கிருந்து தொழிற்சாலை கேட் வரை, உங்கள் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கே போய்ப் பாருங்கள். முடியும் நேரத்தில் அதே வழியில் திரும்புங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். லாரி வரிசை சாலையை அடைத்தால் அந்தக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். இரண்டு நாளில் வேறெதற்கும் நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்.

அடுத்தது காற்று. வட சென்னையில் இதைக் கேட்காமல் வீடு பார்க்கக் கூடாது. ஜூன், ஜூலையில் காலை நேரம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. மணலி ஆலைகளின் வாசனையைக் கிழக்கே திருவொற்றியூர் பக்கம் தள்ளும். பிற்பகலில் கடற்காற்று புகுந்தால் அதுவே மேற்கே திரும்பும். அதனால் ஒரே அறையை விடியற்காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள், ஜன்னலைத் திறந்து நில்லுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலியின் காற்றுத் தர அளவு தெரியும்; கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் கவனித்து வாருங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

தண்ணீரையும் விசாரியுங்கள். கடலோரம் என்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் வருகிறதா, லாரித் தண்ணீரா என்று வீட்டுக்காரரிடம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள்.

பயத்தைப் பற்றி: இந்தப் பகுதியை ரவுடிகளின் ஊராகவே காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது இங்குள்ள ராயபுரத்திலிருந்துதான். அன்று முதல் இது உழைப்பவர்களின் ஊர். அப்பாவை ஒரு டீக்கடையில் அரைமணி நேரம் உட்காரவையுங்கள். வழி கேட்டால் கூடவே நடந்துவந்து காட்டிவிட்டுப் போகிறவர்களை அவரே பார்ப்பார். எந்த ஊரிலும் எடுக்கும் எச்சரிக்கை போதும்.

இரண்டு மாதத்துக்காகப் பெரிய அட்வான்ஸ் கொடுத்து வீடு எடுக்காதீர்கள். சாப்பாட்டுடன் கூடிய பெண்கள் விடுதியாகப் பாருங்கள். முன்பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பி வரும், இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் கதவு திறப்பார்களா, இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே பணம் கொடுங்கள்.