தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவரும் மகள்

கேள்வி: எனக்கு வயது 39. ஏழு மாதமாகத் தலைவலி விடாமல் இருக்கிறது. பெரும்பாலும் காலையில் கண் விழிக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் சைனஸ் என்றார், ஒருவர் டென்ஷன் என்றார், மூன்றாமவர் சி.டி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். கண்ணையும் காட்டினேன், கண்ணாடி தேவையில்லையாம். எல்லாமே நார்மல், வலி மட்டும் போகவில்லை. கணவரிடம் முழுதாகச் சொல்லவில்லை, அவருக்கே ஆயிரம் வேலை. என் மகள்தான் ஆறுதல். பதினோரு வயதுதான். நான் நெற்றியில் கை வைத்தால் போதும், கேட்காமலே தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்துவிடுவாள். இரவில் செல்போனில் தேடினால் மூளைக் கட்டி என்று வருகிறது. என்ன நோய் என்றே தெரியாமல் எத்தனை நாள் ஓட்டுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: ‘ஒன்றும் இருக்காது, தைரியமாக இருங்கள்’ என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத்தான் ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டார்களே. வலி போயிற்றா? நானும் அதே பாட்டைப் பாடப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் டாக்டர்களும் இல்லை, ஸ்கேனும் இல்லை. உங்கள் மகள். நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒரு பதினோரு வயதுக் குழந்தை ஒரு வேலையைக் கேட்காமலே செய்யப் பழக எத்தனை தடவை ஆகும்? பல் தேய்க்கச் சொல்லியே நமக்கு வாய் வலித்துவிடும். இந்தப் பிள்ளையோ உங்கள் கை நெற்றிக்குப் போவதைப் பார்த்ததுமே எழுந்துவிடுகிறாள். எந்த அலமாரி, எந்த அட்டை, எத்தனை வாய் தண்ணீர், எல்லாம் அத்துப்படி. மாதத்தில் இரண்டு முறை நடக்கிற விஷயத்தில் இந்தத் தேர்ச்சி வராது, தாயே. தினமும் நடந்தால்தான் வரும். போனால் போகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள்.

சரி, எத்தனை மாத்திரை? என்ன மாத்திரை? மூன்று டாக்டர்கள் சொன்னதை ஒப்பிக்கிறீர்கள், செல்போன் சொன்னதை ஒப்பிக்கிறீர்கள். தினம் வாயில் போட்டுக்கொள்வதன் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. எனக்கு எழுதாதது போகட்டும். அந்த மூன்று பேரில் ஒருவரிடமாவது எண்ணிக்கையைச் சொன்னீர்களா? ‘எப்பவாவது ஒண்ணு போடுவேன்’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இந்தப் பகுதிக்கு வருகிற தலைவலிக் கடிதங்களில் அந்த ‘எப்பவாவது’ நிறையவே வருகிறது. அட்டையை எண்ணச் சொன்னால் பதில் வராது.

வலிநிவாரணி மாத்திரையாலேயே வருகிற தலைவலி என்று ஒன்று உண்டு. நான் டாக்டர் இல்லை. ஆனால் இது மருத்துவ நூல்களில் தனிப் பெயரோடு இருக்கிற நோய். 2018-ல் வெளியான சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் கணக்கே கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தலைவலி உள்ள ஒருவருக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி வருகிறது. மூன்று மாதத்துக்கு மேலாக அவர் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போடுகிறார். அப்படியானால் மாத்திரையையே சந்தேகப்பட வேண்டும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். காஃபின் சேர்த்து விற்பதெல்லாம் அந்த ரகம். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலிக்கென்று தரும் டிரிப்டான் வகை மாத்திரைக்கும் அதே 10 நாள்தான். இங்கே கணக்கு எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

வலியைத் திரும்பத் திரும்ப மாத்திரையால் அமுக்கினால், மூளையில் வலியை உணரும் அமைப்பு நாளுக்கு நாள் கூச்சம் கூடிப்போகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் வலி தலைதூக்குகிறது, அதற்கு இன்னொரு மாத்திரை. ராத்திரி முழுக்க மாத்திரை போடுவதில்லை அல்லவா, அதனால் இவர்களில் பலருக்கு விடியும்போதே வலி வந்து நிற்கும். உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

இது எந்த ஸ்கேனிலும் தெரியாது. மைக்ரேனும் தெரியாது, டென்ஷன் தலைவலியும் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் அது காட்டக்கூடிய கட்டி, ரத்தக்கசிவு போன்றவை கண்ணில் படவில்லை என்று பொருள். வலியே இல்லை என்று பொருள் இல்லை. பெரும்பாலான தலைவலிகளுக்கு நோயாளி வாய்திறந்து சொல்வதுதான் டெஸ்ட். என்று தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், குமட்டுகிறதா, வெளிச்சம் பார்க்க முடிகிறதா, என்ன போடுகிறீர்கள். அதில் பாதியை மறைத்துவிட்டு, மூன்று பேராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஏழு மாதமாகப் பாதி வினாத்தாளைக் கொடுத்து முழு விடை கேட்டிருக்கிறீர்கள்.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். மாதத்தில் நாலு நாள்தான் போடுகிறேன் என்றால் தாராளமாக என்னைத் திட்டி எழுதுங்கள். அப்போதும் இரண்டு கேள்வி மிச்சமிருக்கும். ஒன்று, கண் பார்த்தபோது சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியவைத்து விழியின் பின்புறத்தைப் பார்த்தார்களா, அல்லது எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்களா? மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு வீங்கும். அது கண்ணாடிப் பரிசோதனையில் தெரியாது, ஸ்கேனும் நார்மலாகவே இருக்கலாம். படுத்தால் வலி கூடுகிறதா, காதுக்குள் நாடித்துடிப்பு போலச் சத்தம் கேட்கிறதா, குனிந்து நிமிரும்போது பார்வை நொடி நேரம் மங்குகிறதா என்று கவனித்து, தவறாமல் சொல்லுங்கள். இரண்டு, குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்பவர்களில் சிலரும் தலைவலியோடுதான் எழுவார்கள். இதற்குப் பதில் உங்களிடம் இருக்காது. பக்கத்தில் படுப்பவரிடம் இருக்கும். அவரிடம்தான் நீங்கள் பேசுவதே இல்லையே.

சில அறிகுறிகளுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார நேரம் கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, இதுவரை கண்டிராத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, வலிப்பு, திடீரென்று பார்வை போவது. இதில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கிற பெரியவர்களுக்கு ஒன்று: ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, மென்று சாப்பிடும்போது தாடையும் வலித்து, சீப்பு பட்டாலே தலை நொந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தாமதித்தால் கண் பார்வையே போய்விடக்கூடிய நோய் ஒன்று அப்படித்தான் ஆரம்பிக்கும்.

மறுபடியும் உங்கள் மகளிடம் வருகிறேன். என் அம்மாவுக்கும் தீராத் தலைவலி. மாத்திரை அட்டை ‘டிக்’ என்று உடைகிற சத்தம் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். உடனே ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தம்பியை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுவேன். எல்லோரும் என்னைச் சமர்த்து என்றார்கள். சமர்த்தெல்லாம் இல்லை, பயம். அம்மாவின் முகத்தைப் பார்த்து அன்றைய பொழுதைக் கணிக்கிற பிள்ளை விளையாடாது. உங்கள் மகளும் ஏழு மாதமாக உங்கள் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

‘அவருக்கே ஆயிரம் வேலை’யாம். அவருக்கு விடுப்பு கொடுத்துவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையை டியூட்டியில் போட்டிருக்கிறீர்கள். வலியைச் சொல்லாமல் தாங்குவதுதான் நல்ல மனைவிக்கு அழகு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, எனக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. குடும்பத்தில் பாரத்தைப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும். பெரியவரிடமிருந்து மறைத்த பாரம் காற்றில் கரைந்துவிடாது, வீட்டில் இருக்கிற சின்னவர் தலையில்தான் இறங்கும். உங்கள் வீட்டில் இறங்கிவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். மைக்ரேன் பெரும்பாலும் குடும்பவழியில் வருவது. நாளை அவளுக்கும் தலை வலித்தால் அவள் கை எந்த அலமாரிக்குப் போகும்?

இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். ‘கொஞ்சம் தலைவலி’ என்று இல்லை, ஏழு மாதம் என்று. அடுத்த தடவை அவரும் உள்ளே வந்து உட்காரட்டும், குறட்டைக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நாலாவதாக ஒரு டாக்டரைத் தேடி ஓடுவதானால் அவர் நரம்பியல் மருத்துவராக இருக்கட்டும், அப்புறம் அவரையே தொடர்ந்து பாருங்கள். அவரைப் பார்க்கும் நாள் வரை காலி அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு கவரில் சேர்த்து வைத்து மேஜைமேல் கொட்டுங்கள். சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் வலித்த நாள், வலித்த நேரம், பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை, தூக்கம், மாதவிலக்கு, இவ்வளவையும் ஒரே வரியில் குறித்து வாருங்கள். எழுதுகிறவர் நீங்களோ கணவரோ. மகள் இல்லை.

இதைப் படித்த வேகத்தில் மாத்திரையை நீங்களாகவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். சில வகைகளைச் சட்டென்று நிறுத்தலாம், சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்களுடையது எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நிறுத்தினால் முதல் சில நாட்கள், சிலருக்குப் பத்து நாள் வரைகூட, வலி இப்போதைவிட மோசமாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய ஆள் வேண்டும். தலை தெளிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதன்பிறகுதான் அடியில் இருக்கிற உண்மையான தலைவலி எது என்று டாக்டருக்கே சரியாகத் தெரியவரும்.

மாத்திரை அட்டையை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றுங்கள், மகள் கைக்கு எட்டாத உயரத்துக்கு. ‘இனிமேல் நீ எடுத்துத் தர வேண்டாம், அப்பா பார்த்துக்கொள்வார்’ என்று அவளிடம் ஒரு தடவை சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது அப்பாவும் பக்கத்தில் நிற்கட்டும்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். வணக்கம், நலம் எல்லாம் அப்புறம். நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாட்கள் எத்தனை, முதல் வரியில் அந்த எண் இருக்கட்டும்.