இரண்டாம் நாளே கஞ்சி கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு மேல்வயிற்றில் வந்த வலி முதுகு வரை குத்தியது. கணைய அழற்சி, அதுவும் இலேசானதுதான் என்றார்கள். மறுநாளே கஞ்சி கொடுக்கச் சொல்கிறார்கள். முன்பு என் மாமாவை நாள்கணக்கில் பட்டினி போட்டார்களே? பித்தப்பையையும் இப்போதே எடுக்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது.
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

டொக்டர் பதில்: சத்தி இல்லை, பசிக்கிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள், தங்கச்சி. நான் வாட்டில் வேலை பழகிய காலத்தில் இந்த நோயாளியின் கட்டிலில் 'வாயால் ஒன்றும் கொடுக்காதே' என்று அட்டை தொங்கவிடுவோம். கணையத்துக்கு (பள்ளியில் சதையி என்று படித்தோமே, அதுதான்) ஓய்வு கொடுப்பதாக நினைத்தோம். உண்மையில் பட்டினி கிடந்தால் குடலின் உட்சுவர் பலவீனமாகி, கிருமிகள் இரத்தத்துக்குள் போக வழி கிடைக்கிறது. எத்தனை பேரை வீணாகப் பசியில் வைத்தோம் என்று இன்றும் மனம் வருந்துகிறது.

சேலைனும் அப்படித்தான். அள்ளி அள்ளி ஏற்றினோம். 2022 இல் வந்த ஆய்வில், அப்படி ஏற்றியவர்களுக்கு உடலில் நீர் தேங்குவதுதான் கூடியது. இப்போது அளவாகத்தான் ஏற்றுகிறார்கள்.

சரி, பித்தப்பை. பித்தப்பைக் கல்லால் வந்த இலேசான கணைய அழற்சி என்றால் தள்ளிப்போட வேண்டாம். நெதர்லாந்தில் 2015 இல் வெளியான ஆய்வில், வீட்டுக்குப் போகுமுன் எடுத்தவர்களில் 100 க்கு 5 பேருக்கே மறுபடி தொல்லை வந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் பொறுத்தவர்களில் 17 பேருக்கு. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் தாதியிடம் உடனே சொல்லுங்கள்.