நுனி மட்டும் ஏன் வறள்கிறது? அலசாமல் விடும் கண்டிஷனர்: கேள்வி பதில்

கூந்தல் பொருட்கள் தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கலவை எழுதுவதும், அதை முடிக்கற்றைகளில் தடவிச் சீவிப் பார்ப்பதும் என் அன்றாடம். அலசாமல் தலையிலேயே விட்டுவிடும் 'லீவ்-இன்' கண்டிஷனர் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் பலவற்றிலும் ஒரே கவலை: நுனி வறட்சி போக வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். எந்த நிறுவனத்தின் பெயரையும் பரிந்துரைக்க மாட்டேன். அதே தொழிலில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது முறையாகாது. பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அது கைவந்தால் கடையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அக்கா, எனக்கு இடுப்பு வரை முடி. உச்சியில் எண்ணெய் வழிகிறது, நுனி துடைப்பம் போல் இருக்கிறது. ஒரே தலையில் இரண்டு விதமான முடி வருமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

இரண்டு விதம் இல்லையம்மா, இரண்டு வயது. முடி மாதத்துக்கு 1 செ.மீ.க்குச் சற்று மேல் வளரும். இடுப்பு வரை என்றால் 70 செ.மீ. இருக்கும். அப்படியானால் இன்று உங்கள் நுனியில் இருக்கும் முடி, நீங்கள் பத்தாம் வகுப்புப் படித்தபோது தலையிலிருந்து புறப்பட்டது. வாரம் இருமுறை தலைக்குக் குளித்தாலும் ஐந்து ஆண்டுகளில் ஐந்நூறு குளியலைப் பார்த்துவிட்டது. வெயில், ரப்பர் பேண்ட், தலையணை உரசல் எல்லாம் தனி.

முடியின் மேற்புறம் கூரை ஓடு போலச் செதில்களால் ஆனது. அந்தச் செதில்களின் மேல் பிறவியிலேயே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். வழவழப்பும் நீரை ஒட்டவிடாத குணமும் அதனால்தான். அது தேய்ந்தால் மீண்டும் வளராது. உச்சியில் சுரக்கும் எண்ணெயும் அவ்வளவு தூரம் இறங்கி வருவதில்லை. உதிர்ந்த நீள முடி ஒன்றை எடுத்து இரு விரல்களுக்கிடையே வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள். பிறகு நுனியிலிருந்து வேருக்கு இழுங்கள். இரண்டாவது முறை விரல் தடைபடும். நுனிப் பகுதியில் அந்தத் தடை இன்னும் கூடுதலாக இருக்கும். நாம் வறட்சி என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த உரசல்தான். லீவ்-இன் கண்டிஷனரின் வேலை, தேய்ந்துபோன அந்தப் படலத்துக்குப் பதிலாக அடுத்த குளியல் வரை ஒரு தற்காலிகப் படலம் தருவது.

ஒரு கடையில் 240 ரூபாய்க்கு 100 மி.லி. பாட்டில், பக்கத்திலேயே 1,200 ரூபாய்க்கு இன்னொன்று. விலை கூடியதில் ஆர்கன் எண்ணெய் இருக்கிறதாம். எதைப் பார்த்து முடிவு செய்வது? (இல்லத்தரசி, மதுரை)

இரண்டு பாட்டிலிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். உழைக்கும் பொருள் பெரும்பாலும் சில சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பின்பக்கப் பட்டியலில் முதலில் 'மோனியம்' என்ற ஒலி உள்ள பெயரைத் தேடுங்கள். செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். சேதமடைந்த முடியில் எதிர்மின்னூட்டம் அதிகம். இந்தப் பொருட்களில் இருப்பது நேர்மின்னூட்டம். ஆகவே எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் இவை அதிகமாக ஒட்டும். நுனிக்கு வேண்டியதை நுனியே பிடித்துக்கொள்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு இது அலுக்காத அழகு.

இரண்டாவதாக, செட்டில் ஆல்கஹால் அல்லது செட்டியரில் ஆல்கஹால். பெயரைக் கண்டு பயப்படாதீர்கள். இவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், முடியை மென்மையாக்கும். உலர்த்தக்கூடியது 'ஆல்கஹால் டினாட்' என்று எழுதியிருக்கும் சாராய வகை. தெளிப்பான் பாட்டில்களில் அது பட்டியலின் மேலே இருந்தால் வறண்ட நுனிக்கு வேண்டாம். மூன்றாவதாக டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் போன்ற, முடிமேல் வழவழப்பான படலம் தரும் சிலிகோன் ஒன்று, அல்லது ஏதாவது ஓர் எண்ணெய்.

பட்டியலை எழுதுவதில் ஒரு வழக்கம் உண்டு. 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். வாசனைப் பொருள் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் சேர்க்கப்படும். எனவே 'பர்ஃப்யூம்' என்ற சொல்லை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன் எண்ணெய் அதற்குப் பின்னால் வந்தால் அது பெயருக்கு இருக்கும் துளி. அதற்காக நீங்கள் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விலையையும் பாட்டில் கணக்கில் பார்க்காதீர்கள். இப்போது அட்டையில் அதிகபட்ச சில்லறை விலையின் அருகே ஒரு மி.லி.க்கு இவ்வளவு என்று அச்சிடுகிறார்கள், அதை ஒப்பிடுங்கள். தோள் வரை முடிக்கு ஒரு முறைக்கு 1 மி.லி. போதும். வாரம் மூன்று முறை என்றால் மாதத்துக்கு 13 மி.லி. ஆகும். அந்த 240 ரூபாய் பாட்டில் ஏழு மாதத்துக்கு மேல் வரும். மாதச் செலவு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு ரூபாய்.

வீட்டில் சாதாரண கண்டிஷனர் இருக்கிறது. அதையே கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தடவி விட்டுவிட்டால் செலவே இல்லையே? (ஈரோடு)

நல்ல யோசனைதான், ஆனால் ஒரு சோதனைக்குப் பிறகு. அலசும் கண்டிஷனர், தோலில் சில நிமிடம் மட்டும் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்படுவது. அதில் மெத்தில்ஐசோதியசோலினோன், மெத்தில்குளோரோஐசோதியசோலினோன் என்ற கெடாமல் காக்கும் பொருட்கள் இருக்கலாம். தோலிலேயே தங்கினால் சிலருக்கு இவை ஒவ்வாமையை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் அலசாமல் விடும் பொருட்களில் முதலில் சொன்னதை அனுமதிப்பதே இல்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிக்கனம் என்று எண்ணி இதையேதான் செய்தேன். இரண்டு வாரத்தில் பின்னங்கழுத்தில், பின்னல் உரசும் இடத்தில், சிவந்து தடித்து இரவெல்லாம் அரித்தது. தோல் மருத்துவரிடம் பாட்டிலையே கொண்டுபோனேன். அவர் விரல் வைத்துக் காட்டியது மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற பெயரைத்தான்.

உங்கள் பாட்டிலில் 'தியசோலினோன்' என்று முடியும் பெயர் இல்லையென்றால் தாராளமாக முயலுங்கள். ஒரு பங்கு கண்டிஷனருக்கு நான்கு பங்கு குடிநீர். அன்றன்றைக்கு உள்ளங்கையில் கரைத்துக்கொள்ளுங்கள். கரைத்துப் பாட்டிலில் சேமிக்க வேண்டாம். தண்ணீர் சேர்ந்ததும் கெடாமல் காக்கும் பொருளின் வலு குறைந்துவிடும், கிருமி வளரும்.

தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று என் மாமியார் கேட்கிறார். (பொள்ளாச்சி)

அவர் சொல்வதில் பாதி உண்மை. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரெலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் புகுந்துவிடுகிறது. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் கையில் பார்த்த முடிக்கற்றைகளும் அதையேதான் சொல்கின்றன.

குளிப்பதற்கு முன் எண்ணெய், குளித்த பின் கண்டிஷனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் உள்ளே போய் நீர் ஊறுவதைத் தடுக்கிறது. கண்டிஷனர் வெளியே நின்று உரசலைக் குறைக்கிறது. குளித்த முடியில் எண்ணெய் தடவினால் திரிதிரியாக ஒட்டும், தூசி படியும். மாமியாரிடம், முந்தின இரவு அவர் கையாலேயே நுனிக்கு எண்ணெய் வைத்துவிடச் சொல்லுங்கள்.

சிலிகோன் முடிக்கு விஷம் என்கிறார்களே? (கோவை)

விஷம் இல்லை. முடி உயிரற்ற நார். அது மூச்சுவிடுவதில்லை, ஆகவே சிலிகோன் அதை 'மூச்சுத்திணற' வைக்கவும் முடியாது. சில வகைச் சிலிகோன் படிந்து முடி கனத்துத் தொங்கலாம். அப்படித் தோன்றினால் மாதம் ஒரு முறை நன்கு நுரைக்கும் ஷாம்பு போட்டால் போகும். கடைகளில் 'சீரம்' என்று சிறு பாட்டிலில் விற்பவற்றில் பல, தண்ணீரே இல்லாத சிலிகோன்தான். மிக வறண்ட நுனிக்கு நான் சொல்வது: முதலில் கண்டிஷனர், அது காய்ந்த பின் இரண்டு சொட்டு சீரம்.

விடுதியில் தங்கியிருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர். வாளியில் வெள்ளை படிகிறது. எதைத் தடவினாலும் முடி சொரசொரவென்றே இருக்கிறது. கையில் அதிகப் பணமும் இல்லை. (மாணவி, சேலம்)

கண்டிஷனரைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வாளியில் படிவது முடியிலும் படியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. வாளியில் வெள்ளையாகப் படியும் நீரைப் பெரும்பாலும் அந்த 200-க்கு மேல்தான் பார்த்திருக்கிறேன்.

தலையை வழக்கம்போல் அலசுங்கள். கடைசி ஒரு செம்புக்கு மட்டும் குடிநீர் கேனிலிருந்து எடுத்து, நுனியை அந்தச் செம்புக்குள் முக்கி விரலால் அலசி எடுங்கள். அரை லிட்டர் போதும். தலை முழுவதற்கும் ஊற்ற வேண்டியதில்லை. ஷாம்பு வாங்கும்போது பட்டியலில் 'ஈடிடிஏ' (EDTA) என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். அது நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே போடாதீர்கள். கடின நீரோடு சேர்ந்து அது பிசுக்காகிவிடும்.

பாட்டில் வாங்கப் பணம் சேரும் வரை சாஷே வாங்குங்கள், தவறே இல்லை. ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து எல்லார் கைக்கும் எட்டவைத்ததில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு சாஷேயைப் பிரித்தால் மூன்று முறைக்கு வரும். வாயை மடித்து, துணி மாட்டும் கிளிப் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

சுருட்டை முடி. சென்னையில் தடவிய ஒரு மணி நேரத்தில் பொசுபொசுவென்று எழுந்துவிடுகிறது. அதே கண்டிஷனர் பெங்களூரில் இருந்தபோது அருமையாக இருந்தது.

பட்டியலின் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் கிளிசரின் இருக்கிறதா பாருங்கள், இருக்கும் என்றே நினைக்கிறேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரின் காற்றில் இழுத்து இழுத்து முடி உப்பிவிடுகிறது. சென்னைக்குக் கிளிசரின் கீழே இருக்கும், சிலிகோனோ எண்ணெயோ மேலே இருக்கும் கலவையே நல்லது.

டொரன்டோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் நுனி முறிந்தே விழுகிறது. எனக்கும் அதே பதிலா?

ஏறக்குறைய அதேதான், காரணம் மட்டும் வேறு. வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்று மிகவும் உலர்ந்திருக்கும். இழுக்க அங்கே ஈரமே இல்லை. கெட்டியான கிரீம் வகை வாங்குங்கள், வெளியே போகும்போது நுனியை மேலங்கிக்குள் பின்னிச் செருகிக்கொள்ளுங்கள். கம்பளிக் கழுத்துத்துணி உரசும் இடத்தில்தான் முறிவு அதிகம்.

ஆளி விதை ஜெல், வெந்தய நீர், வடித்த கஞ்சி இவற்றை லீவ்-இன்னாகப் பயன்படுத்தலாமா?

ஆளி விதை ஜெல் நல்ல படலம் தரும். சுருட்டை முடிக்குக் குறிப்பாக. குளிர்பெட்டியில் ஒரு வாரம், அதற்கு மேல் கொட்டிவிடுங்கள். வெந்தயமும் செம்பருத்தி இலையும் வழவழப்பைத் தரும், ஆனால் அலசிவிடுவதே நல்லது. கஞ்சியை அலசாமல் விட்டால் காய்ந்து விறைக்கும். வறண்ட நுனிக்கு அது கூடாது.

நுனிப் பிளவை ஒட்டவைக்கும் என்று எழுதியிருக்கும் ஒன்றை வாங்கலாமா?

அடுத்த குளியல் வரை ஒட்டியிருக்கும். பிளந்தது பிளந்ததுதான், கூரான கத்தரியால் பிளவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டுங்கள். அந்தப் பணத்தைக் கத்தரிக்குக் கொடுங்கள்.

எட்டு வயது மகளுக்குத் தடவலாமா? பள்ளிக்கு இரட்டைப் பின்னல். தினமும் சிக்கெடுக்கும்போது அழுகிறாள். (தஞ்சாவூர்)

தடவலாம், காதுக்குக் கீழே மட்டும். வாசனை இல்லாதது கிடைத்தால் அதையே வாங்குங்கள். அழுகைக்குப் பாதிக் காரணம் சீவும் திசையாக இருக்கும். பின்னலை அவிழ்த்ததும் உச்சியிலிருந்து சீப்பை இறக்காதீர்கள். கடைசி நான்கு விரற்கடை நீளத்தை இடது கையில் இறுக்கிப் பிடித்து, பல் அகன்ற சீப்பால் அதை மட்டும் சீவுங்கள். அது விட்ட பிறகு இன்னும் நான்கு விரற்கடை மேலே. கை பிடித்திருப்பதால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது.

எல்லாம் சரியானதாகத்தான் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் ஒரு நாள் பிசுபிசுக்கிறது, ஒரு நாள் தடவாதது போலவே இருக்கிறது. எப்படித் தடவ வேண்டும்? (நாகர்கோவில்)

தடவும் நேரமும் அளவும்தான் மாறுகிறது. சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது தடவினால் நீரோடு வழிந்துவிடும். முழுக்கக் காய்ந்த பின் தடவினால் ஓரிடத்திலேயே திட்டாக நிற்கும். நுனியை மெல்லப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை குளிர வேண்டும். அதுதான் பதம்.

தோள் வரை முடிக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு, இடுப்பு வரை என்றால் இரண்டு. உள்ளங்கைகளில் தேய்த்து, விரலிடுக்கிலும் பரவிய பிறகு, கடைசி ஒரு சாண் நீளத்தை இரு கைகளுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக நீவுங்கள். பிறகு நுனியைக் கைக்குள் பொத்திப் பத்து எண்ணும் வரை பிடித்திருங்கள். கையில் மிச்சமிருப்பதை உச்சியில் துடைக்காதீர்கள், முழங்கையில் தடவிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தலை துவட்டும்போது முடியை முன்னால் போட்டுத் துண்டால் படார் படாரென்று அடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். என் அம்மாவும் அப்படித்தான் அடிப்பார். நனைந்த முடி ஊறி வலுவிழந்திருக்கும். அந்த அடி முழுவதும் விழுவது நுனியில். பழைய பருத்தி வேட்டியோ பனியன் துணியோ ஒன்றை எடுத்து, நுனியைச் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். பிறகு தடவுங்கள்.