வேலூர் பக்கம் அப்ரூவல் இல்லாத மனை மலிவாக வருகிறது, வாங்கலாமா? பின்னால் வங்கிக் கடன் கிடைக்குமா?

வாங்காதீர்கள். மாதச் சம்பளத்தை நம்பி, லோன் போட்டு வீடு கட்டப்போகிறவர் நீங்கள் என்று நினைத்துத்தான் சொல்கிறேன்.

2013இல் காட்பாடி தாண்டிச் சித்தூர் ரோட்டுப் பக்கம் இரண்டே முக்கால் சென்ட் வாங்கினேன். டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனையைவிட ஒன்றரை லட்சம் குறைவு. வேர்க்கடலை விளைந்த நிலம். கல் நட்டு, வெள்ளையடித்து, சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் சார்" என்று வரைபடத்தில் தலைவர் முத்திரையைக் காட்டினார்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரமே அவருக்குக் கிடையாது என்பது அன்று எனக்குத் தெரியாது.

2016இல் வீட்டுக் கடனுக்குப் போனேன். மேலாளர் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் புரட்டினார். வரைபடத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து டிடிசிபி எண்ணைத் தேடினார். இல்லை. பழைய மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

சரி, விற்றுவிடலாம் என்று ஆள் பிடித்து அட்வான்ஸும் வாங்கிய பிறகு, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். 2017 மே மாதம், அங்கீகாரமில்லாத மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டம் வந்தது. மனை போட்டவர் போனையே எடுக்கவில்லை. வாங்கியவர்கள் நாங்களே அலைந்து, கட்டணம் கட்டி ஆணை வாங்க இரண்டு வருடம் ஆனது. அதற்கு அடகு வைத்த நகையில், என் மனைவிக்கு அவள் அம்மா போட்ட சங்கிலி ஏலத்தில் போய்விட்டது.

"என் மாமாவும் அப்படித்தான் வாங்கினார், இப்போது நல்ல விலை" என்று யாராவது வருவீர்கள். முழுப் பணமும் கையில் இருந்தவருக்கு அது நடந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டமே 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைகளுக்குத்தான். இன்று புதிதாகக் கல் நடுகிறவர் "அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்" என்றால் நம்பாதீர்கள்.

அப்ரூவல் இருந்தாலும் கையில் பணம் வேண்டும். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று வரும் 9 சதவீதத்தைப் பொதுவாக அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு கட்ட முடியாமல், அந்த வருடங்களில் காட்பாடியில் வாடகைக்கு இருந்தோம். மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டால் கூடுதலாக வரும் என்று, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கும்போதே வீட்டுக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டேன். பொறுக்கவில்லை.