‘அது வேறு விஷயம்’

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வசிக்கிறேன். வயது 41. பி.காம். முடித்து, திருமணத்துக்கு முன் ஐந்து ஆண்டுகள் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது கணவர் எங்களை விட்டுப் போய்விட்டார். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. மூன்று ஆண்டுகளாக நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறைக்கும், ஒரு வெற்றிலைக் கமிஷன் மண்டிக்கும், திருபுவனத்தில் ஒரு பட்டுக்கடைக்கும் கணக்கு எழுதுகிறேன். எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தச் சரக்கைக் குறைப்பது என்பதையெல்லாம் இப்போது என்னிடமே கேட்கிறார்கள். ஆர்டருக்கு முன்பணம் வாங்கிய அன்றே பித்தளையை வாங்கிப் போடும்படி போன வருடம் பட்டறைக்காரரிடம் சொன்னேன். அதன் பிறகு அவருக்கு நஷ்டம் நின்றிருக்கிறது. சென்னையில் இருக்கும் என் சித்தி மகள், ‘இதையே தொழிலாகச் செய், பிசினஸ் கன்சல்டன்ட் என்று கார்டு அடி’ என்கிறாள். தனியாகப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்தத் தொழிலுக்கு வேண்டிய திறமை தானாக வந்துவிடும் என்று பேசுகிறார்களே, அது உண்மையா, ஆறுதலுக்குச் சொல்வதா? அந்த ஒன்பது ஆண்டுகளை அனுபவம் என்று வியாபாரிகளிடம் சொல்லிக்கொள்ளலாமா? (கணவரைப் பற்றி யாராவது கேட்டால் சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். மகளையும் அப்படியே சொல்லப் பழக்கியிருக்கிறேன். அது வேறு விஷயம்.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பல ஆண்டுகளாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எழுதுபவர் எதை ‘வேறு விஷயம்’ என்று ஒதுக்கி வைக்கிறாரோ, அங்கேதான் என் கண் முதலில் போய் நிற்கும். அதற்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தனியாகப் பிள்ளை வளர்த்தால் தொழில் ஆலோசனை சொல்லும் திறமை தானாக வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. கணவர் போன பிறகு அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விதியை நொந்தே காலத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். சீட்டுக்கு மேல் சீட்டாக எடுத்துக் கடனில் மூழ்கியவர்களையும் தெரியும். அவர்களும் தனியாகத்தான் பிள்ளை வளர்த்தார்கள். உங்களுக்கு வந்திருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு அந்தப் பித்தளைக் கதை ஒன்றே போதும்.

நாச்சியார்கோவில் விளக்கு எடைக்கு விற்கும் பொருள். வாடிக்கையாளர் அன்றைய விலைக்குப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பட்டறைக்காரர் அந்தப் பணத்தில் ஆள்கூலி கொடுக்கிறார், கரி வாங்குகிறார், வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் அதற்கும் கொஞ்சம் போகிறது. பதினைந்து நாள் கழித்து வண்டல் மண்ணில் அச்சு கட்டி வார்க்க உட்காரும்போது பித்தளை விலை ஏறியிருந்தால், பேசிய விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தைத் தன் லாபத்தைப் போட்டு மூடுகிறார். ஆண்டு முடிவில் மொத்தத்தை மட்டும் பார்க்கிற ஆடிட்டருக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படாது. உங்களுக்குப் பட்டதற்குக் காரணம் பி.காம். படிப்பு இல்லை. பள்ளிக் கட்டணத்துக்கென்று வந்த பணம் வீட்டுப் பீரோவில் ஒரு ராத்திரி தூங்கினால், மறுநாள் காலையில் அது கேஸ் சிலிண்டராகவோ கரண்டு பில்லாகவோ எழுந்திருக்கும் என்பதை ஒன்பது ஆண்டுகள் பார்த்தவர் நீங்கள். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு பையில் குறைந்தால் இன்னொரு பையில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பையை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்குத்தான் எந்தக் காசு எதற்காக வந்தது என்ற நினைப்பு எந்நேரமும் இருக்கும். இதைத் திறமை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதிலும் நம் பக்கத்துப் பணத்துக்கென்று ஒரு நடை இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிறார்கள். உழவு, விதை, நடவுக்கூலி என்று ஊர்ப்பணம் முழுவதும் குறுவை வயலுக்குள் இறங்கும் அதே மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை எடை போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் கடைக்காரரின் நோட்டில் பழைய பாக்கி கழியும். தை மாதத்துக் காசை ஆனி மாதம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாதவர் இந்த ஊரில் யாருக்கும் வியாபார யோசனை சொல்ல முடியாது. மகளின் சீருடைத் துணியைப் பொங்கலோடு எடுத்து வைத்துவிடும் தாய்க்கு இதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேட்டு வாங்கத் தெரிவதும் அங்கே கற்றதுதான். இரவு ஒன்பது மணிக்கு ‘வயிறு வலிக்கிறது’ என்று பிள்ளை சொன்னால் மறுநாள் கணக்குப் பரீட்சை என்று உங்களுக்குப் புரியும். ‘வியாபாரம் மந்தம்’ என்று ஒரு முதலாளி சொல்லும்போது, மச்சினர் கல்லாவில் கை வைக்கிறார் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறாரோ என்று சந்தேகப்படவும், நேராகக் கேட்காமல் சுற்றிக்கொண்டு போய் உண்மையைக் கறந்தெடுக்கவும் உங்களால் முடியும்.

பிள்ளை வளர்ப்பு கற்றுத்தராததும் இருக்கிறது. அந்தப் பட்டறை, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்திருந்தால், சரக்கு வாங்கிய ஷோரூம் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம் சொல்கிறது. இவற்றை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் நானே செய்துவிடுகிறேன் என்ற பழக்கத்தையும் விட வேண்டும். மண்டியில் ஒரு பையனுக்காவது கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. பிள்ளைக்குக் கடைசிவரை ஊட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்று தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் மாவட்டங்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இருக்கிற வீடு ஒன்று இருக்கும். அதனால் இந்தப் பொய் உங்கள் கைக்கு எளிதாக அகப்பட்டது. அது நிற்காமல் போவதும் அதே காரணத்தால்தான். பட்டுக்கடைக்காரரின் மைத்துனரும் அங்கேதான் இருப்பார். எந்தக் கம்பெனி, எப்போது லீவு, பொங்கலுக்கு வருகிறாரா என்று கேள்வி வரும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு பதிலைச் செய்து வைக்க வேண்டும். பெற்ற குழந்தையை விட்டுப் போன மனிதருக்கு ஒன்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் வேலை போட்டுக் கொடுத்து, விசாவைப் புதுப்பித்து, லீவு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லி, ஊரில் அவருடைய மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் நீங்கள்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கணவர் உடன் இல்லை என்று தெரிந்த மறுநாளே சில ஆண்களின் பேச்சு மாறும்; பட்டறைக்குத் தனியாகப் போய் வரும் பெண்ணைப் பற்றித் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதற்கு வாயை மூடிக்கொள்ளலாமே! ‘வீட்டுக் கதை இருக்கட்டும், சரக்கு நோட்டை எடுங்கள்’ என்று ஒரு முறை சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் மறுபடி கேட்கமாட்டார்கள். சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. அதைத் தாண்டி ஒரு கணவரைக் கட்டி எழுப்பியதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

நீங்கள் தொடங்கப்போகும் தொழிலில் உங்களிடம் விற்பதற்கு என்ன சரக்கு இருக்கிறது? வெற்றிலையும் இல்லை, விளக்கும் இல்லை. ‘இந்த அம்மாள் சொல்லும் கணக்கு சரியாக இருக்கும்’ என்ற நம்பிக்கை ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு ஒரு கடையில் உட்கார்ந்து, முதலாளி எடுத்து வைத்த நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, ‘இது சரி, ரெண்டாம் நம்பர் நோட்டு எங்கே?’ என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். அவர் கண் தானாக மேசை டிராயருக்குப் போகும், அப்படி ஒன்றும் இல்லை என்பார், நீங்கள் அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக ரெண்டாம் நம்பர் நோட்டு ஒன்றை நீங்களும் வைத்திருக்கும்போது அந்தப் பார்வை நிற்குமா? உங்கள் கதையை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தால், தன் நோட்டை உங்களிடம் ஏன் காட்டப்போகிறார்?

மகளைப் ‘பழக்கியிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி மாட்டுக்குச் சொல்லும் சொல் அது. ஐந்து வயதிலிருந்து உங்கள் பொய்க்கணக்குக்கு அந்தக் குழந்தையைக் குமாஸ்தாவாக வைத்திருக்கிறீர்கள். ‘உங்கப்பா எப்போ வருவாங்க?’ என்று தோழி கேட்கும் ஒவ்வொரு முறையும், தன் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் முகத்தைக் காப்பாற்றும் வேலையை அவள் செய்கிறாள். பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும் என்று நினைக்கிற பழைய கட்சிதான் நான். தகப்பன் இல்லாத இடத்தில், அவரைப் பற்றிய உண்மையாவது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைக்குப் பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயர் கட்டாயம் இல்லை என்று 2018 டிசம்பர் 5 முதல் விதியே இருக்கிறது. வருமானவரித் துறை கேட்பதை விட்டுவிட்ட கேள்விக்கு நீங்கள் பொய்ப் பதிலைச் சொல்லிக்கொடுத்து அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பொய் உங்களுக்கு எவ்வளவு செலவு வைத்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தீர்களா? கடிதத்தில் ஜீவனாம்சம் என்ற சொல்லே இல்லை. கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். எப்படிக் கேட்பீர்கள்? மனு போட்டால் அவர் சிங்கப்பூரில் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே! வியாபாரிக்காக 15 நாள், 45 நாள் என்று எண்ணப்போகும் நீங்கள், சொந்த நோட்டில் ஒன்பது ஆண்டுப் பாக்கியை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஜீவனாம்சம் கேட்க வழி செய்த, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். ஜீவனாம்சத்தை மனு கொடுத்த நாளிலிருந்து வழங்க வேண்டும் என்றும், இரு தரப்பும் வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு கொடுத்த நாளிலிருந்து என்றால், கொடுக்காமல் விட்ட 108 மாதங்களும் போனது போனதுதான்.

‘அவர் காசு எனக்கு எதற்கு’ என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அந்தப் பணம் உங்கள் மகளுடையது. தகப்பன் மகளுக்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழி செய்திருக்கிறது. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போய்க் கேளுங்கள்.

தொழிலுக்கு வேண்டிய காகித வேலை கொஞ்சம்தான். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படாது. தனியாகப் பிள்ளை வளர்த்தேன் என்பதை அட்டையில் போட வேண்டாம், அதைக் காட்டி யாரும் கட்டணம் கேட்க முடியாது. பித்தளைக் கதையை நாலு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதலாளியின் பெயரை விட்டுவிட்டு. இடையில் ஒன்பது ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் மகளை வளர்த்தேன், தனியாக, என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து, இனிமேல் யாரிடமும் சிங்கப்பூர் என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பதை அவளே ஒரு வரியில் எழுதட்டும். அந்த வரியையே நீங்களும் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். அடுத்து மண்டிக்காரரிடம் போங்கள், வெற்றிலைக் கட்டுகள் லாரி ஏறி அவர் டீக்குச் சொல்லியனுப்பும் நேரமாகப் பார்த்து. அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்ததும், அடுத்த மாதத்திலிருந்து உங்கள் கட்டணம் எவ்வளவு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.